வாக்கு எண்ணும் மேசையில் முதல் முறை உட்காரப் போகிறவருக்கு

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் கணக்கு எழுதிப் பழகியவன் நான். விடியற்காலையில் படகில் எத்தனை பார் ஐஸ் ஏறியது என்பதற்குக் கம்பெனி நோட்டில் ஓர் எண் இருக்கும். படகுக்காரரின் சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டில் இன்னோர் எண் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் பேச்சே கிடையாது. ஒத்துப்போகாவிட்டால் அன்று யாருக்கும் நிம்மதி கிடையாது. வாக்கு எண்ணிக்கையும் இதே வேலைதான் என்பது எனக்குப் புரிய இரண்டு தேர்தல்கள் ஆயின. வேட்பாளர் ஒருவர் உங்களை எண்ணிக்கை முகவராக, அதாவது எண்ணும் மேசையில் தன் சார்பில் உட்கார்ந்து கவனிப்பவராக, இருக்கச் சொல்லி, நீங்களும் தலையாட்டிவிட்டீர்கள் என்றால், இது உங்களுக்காக.

படி 1: வாக்குப்பதிவு முடியும் இரவிலேயே வேலையைத் தொடங்குங்கள்

எண்ணும் நாளில்தான் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். தவறு. வாக்குப்பதிவு முடிந்ததும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் 17-சி படிவத்தின் முதல் பகுதியை நிரப்புவார். அந்தச் சாவடியின் மொத்த வாக்காளர் எத்தனை பேர், பதிவேட்டில் கையெழுத்திட்டவர் எத்தனை பேர், கருவியில் பதிவான வாக்குகள் எத்தனை, வாக்குகளைப் பதிந்து வைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் எண் என்ன, காகித முத்திரைகளின் எண்கள் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நேரத்தில் சாவடியில் இருக்கும் ஒவ்வொரு முகவருக்கும் அதன் நகலை அவர் கொடுத்தாக வேண்டும். 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகளே அப்படிச் சொல்கின்றன.

சிக்கல் எங்கே என்றால், வாக்குப்பதிவு அன்று சாவடியில் நம் தரப்பில் உட்காரும் பூத் முகவர்களுக்கு மாலை ஐந்து மணிக்கு மேல் டீ நினைவு வந்துவிடும். பிறகு அவர்கள் திரும்பி வருவதில்லை. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடச் சாவடியில் எங்கள் முகவர் டீ குடித்து முடிப்பதற்குள் கருவிக்கு முத்திரை வைத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தச் சாவடிக்கு எங்களிடம் தாள் இல்லை. எண்ணும் நாளில் அந்த ஒரு கருவிக்கு மட்டும் நாங்கள் பார்வையாளர்கள்தான், முகவர்கள் அல்ல.

ஆகவே பூத் முகவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: 17-சி நகல் கைக்கு வராமல் வாசலைத் தாண்டக் கூடாது. கைக்கு வந்ததும் எண்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, மங்கலாக இருந்தால் அங்கேயே கேட்டு, பக்கத்தில் பேனாவால் எழுதிக்கொள்ள வேண்டும். கார்பன் நகலில் 417ஐ 411 என்று படித்து, எண்ணும் கூடத்தில் ஆறு வாக்கு அதிகமாக இருக்கிறது என்று நான் கூச்சல் போட்ட கதை எங்கள் தெருவில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்பார்வையாளர் அசல் படிவத்தை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

படி 2: படிவம் 18

இதில் சுருக்கமாக முடித்துவிடலாம். வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ 18ஆம் படிவத்தில் உங்களை நியமித்து, இரண்டு பிரதிகளைப் புகைப்படத்தோடு கொடுக்க வேண்டும். எண்ணும் நாளுக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் அவை போய்ச் சேர வேண்டும். எத்தனை மேசையோ அத்தனை முகவர், தேர்தல் நடத்தும் அலுவலரின் மேசைக்கு ஒருவர் கூடுதல். அரசு ஊழியர்கள் முகவராக இருக்க முடியாது. அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர், மேயர் போன்றவர்களும் அந்த நாற்காலியில் உட்கார முடியாது.

படி 3: மேசை எண்ணை வைத்துச் சாவடிகளைக் கண்டுபிடியுங்கள்

வழக்கமாக ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 14 மேசைகள் போடுவார்கள். வடசென்னை மக்களவைத் தொகுதி என்றால் திருவொற்றியூர், ராதாகிருஷ்ணன் நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் என்று ஆறு சட்டமன்றத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் தனி ஏற்பாடு.

முதல் சுற்றில் முதல் 14 சாவடிகள், இரண்டாம் சுற்றில் அடுத்த 14 என்று போகும். உங்கள் மேசை எண் 6 என்றால் முதல் சுற்றில் 6ஆம் சாவடி, அடுத்து 20, அடுத்து 34. முந்தைய நாள் இரவே 17-சி தாள்களை இந்த வரிசைப்படி அடுக்கி, ஓரத்தில் சுற்று எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள். இடையில் துணைச் சாவடிகள் இருந்தால் இந்தக் கூட்டல் ஒன்றிரண்டு நழுவும். அதனால் அலுவலகம் கொடுக்கும் மேசைவாரிப் பட்டியலோடு ஒரு முறை ஒப்பிடுங்கள்.

படி 4: காலையில் கிளம்புவது

2024இல் வடசென்னையின் வாக்குகளை மெரினா எதிரே ராணி மேரி கல்லூரியில்தான் எண்ணினார்கள். எண்ணூரிலிருந்தோ விம்கோ நகரிலிருந்தோ வருபவருக்கு அது ஊரின் மறுகோடி. காமராஜர் சாலையில் அன்று போலீஸ் தடுப்புகள் இருக்கும், நடக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டு இருட்டோடு கிளம்புங்கள். கைப்பேசியை உள்ளே விடமாட்டார்கள். வாசலில் கொடுத்துவிட்டு டோக்கனுக்காக நிற்பதைவிட வீட்டில் வைத்துவிட்டு வருவது மேல். முகவர் அடையாள அட்டை, தாள்கள், இரண்டு பேனா, ஒரு நோட்டு. வேறு எதுவும் தேவையில்லை. பாதியில் வெளியே போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கருவிகளைப் பூட்டி வைத்திருக்கும் பாதுகாப்பு அறையை வேட்பாளர்கள் அல்லது அவர்களுடைய முகவர்கள், தேர்தல் பார்வையாளர் ஆகியோர் முன்னிலையில், வீடியோ ஓடிக்கொண்டிருக்கும்போது திறப்பார்கள். பூட்டின் முத்திரையைப் பார்க்க உங்கள் தரப்பில் ஒருவர் அங்கே நிற்கட்டும். கூடத்தில் வாக்கு ரகசியம் காப்பது பற்றிய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 128ஆம் பிரிவை வாசித்துக் காட்டிய பிறகே வேலை தொடங்கும்.

படி 5: தபால் வாக்குகள்

8 மணிக்கு முதலில் தபால் வாக்குகள். இந்த மேசையைச் சலிப்பான மேசை என்று சொல்லி அனுபவம் இல்லாதவரை அனுப்பிவிடுவார்கள். நான் என்றால் கூர்மையான ஆளைத்தான் அனுப்புவேன். கருவியில் செல்லாத வாக்கு என்று ஒன்று கிடையாது. தபாலில் உண்டு, எல்லாச் சண்டையும் அங்கேதான்.

வெளி உறையைத் திறந்தால் உள்ளே இரண்டு பொருள்கள் இருக்க வேண்டும்: 13-ஏ உறுதிமொழி, 13-பி உள் உறை. உறுதிமொழியில் கையெழுத்தும் சான்றொப்பமும் இருக்கின்றனவா, அதிலுள்ள வாக்குச்சீட்டு எண்ணும் உள் உறையின் மேலுள்ள எண்ணும் ஒன்றா என்று முதலில் பார்ப்பார்கள். இதில் எது தவறினாலும் உள் உறையைத் திறக்காமலே நிராகரிப்பார்கள். தேறியவற்றின் உள் உறைகளைத் தனியே சேர்த்து வைத்த பிறகே பிரிப்பார்கள். யார் யாருக்குப் போட்டார் என்று தெரியாமல் இருக்கத்தான் இந்த ஒழுங்கு. சீட்டில் யாருக்கும் குறியிடாவிட்டால், ஒருவருக்கு மேல் குறியிட்டால், வாக்காளர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எழுத்து இருந்தால் அது செல்லாது.

நிராகரித்த ஒவ்வொன்றுக்கும் காரணத்தை நோட்டில் எழுதுங்கள். 2016இல் ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 49 வாக்குகள். தபால் உறுதிமொழியில் பள்ளித் தலைமை ஆசிரியர் போட்ட சான்றொப்பம் செல்லுமா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போய், 203 தபால் வாக்குகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொல்லி 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வெற்றி வித்தியாசம் நிராகரித்த தபால் வாக்குகளைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்கும் முன் அவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி.

8.30க்குக் கருவிகளின் எண்ணிக்கையும் தொடங்கிவிடும். தபால் வாக்குகள் முடியாமல் கடைசிக்கு முந்தைய சுற்றுக்குப் போகக் கூடாது என்று 2025 செப்டம்பரில் ஆணையம் சொல்லியிருக்கிறது.

படி 6: மேசைக்கு வரும் கருவி

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர், உதவியாளர், நுண் பார்வையாளர் என்று மூவர் இருப்பார்கள். இந்தப் பக்கம் நாம். தேசியக் கட்சிகளின் முகவர்கள் முன்னால், பிறகு மாநிலக் கட்சிகள், சுயேச்சைகளின் முகவர்கள் கடைசியில். பின்வரிசையில் இருந்து தெரியவில்லை என்றால் “ஐயா, திரையை மறுபடி காட்டுங்கள்” என்று கேளுங்கள். அவர் காட்ட வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணிக்கைக்கு வருவது கட்டுப்பாட்டுக் கருவி மட்டும்தான். முடிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே உங்கள் வேலையில் பாதி முடிந்திருக்க வேண்டும். கருவியின் எண் உங்கள் தாளில் உள்ளதுதானா? வெளிமுத்திரை, சிட்டை, உள்ளே பச்சைக் காகித முத்திரை எல்லாம் கிழியாமல் இருக்கின்றனவா? பச்சை முத்திரையின் எண் ஒத்துப்போகிறதா? வாக்குப்பதிவு நாள் காலையில் நம் பூத் முகவர் அந்த முத்திரையில் கையெழுத்திட்டிருந்தால் அதையும் தேடுங்கள். ஆட்சேபம் இருந்தால் அப்போதே சொல்லுங்கள். பொத்தானை அழுத்தி, நம் வேட்பாளருக்குக் குறைவு என்று தெரிந்த பிறகு முத்திரையில் குறை கண்டுபிடிப்பவரை அந்தக் கூடத்தில் யாரும் மதிப்பதில்லை.

அழுத்தியதும் மொத்த வாக்கு வரும். அது 17-சியில் உள்ள மொத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். பிறகு வேட்பாளர் வரிசைப்படி எண்கள் ஓடும், கடைசியில் நோட்டா. நம் ஆளின் எண்ணை மட்டும் எழுதிவிட்டுத் தலை நிமிராதீர்கள். எல்லாருடையதையும் எழுதிக் கூட்டுங்கள். நோட்டாவையும் சேர்த்தால் மொத்தம் வர வேண்டும். மேற்பார்வையாளர் 17-சியின் இரண்டாம் பகுதியை நிரப்பிக் கையெழுத்திடுவார். அதில் எழுதியதும் திரையில் வந்ததும் ஒன்றா என்று பார்த்த பிறகே நீங்கள் கையெழுத்திடுங்கள்.

கருவி முடிவைக் காட்டவில்லை, அல்லது வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காகப் போட்டுப் பார்த்த மாதிரி வாக்குகளை அழிக்க மறந்ததால் மொத்தம் இடிக்கிறது என்றால் பதற வேண்டாம். அதைத் தனியே வைத்துவிட்டு அடுத்த கருவிக்குப் போவார்கள். கடைசியில் வெற்றி வித்தியாசம் அந்தக் கருவிகளின் வாக்குகளுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் விவிபேட் சீட்டுகளை, அதாவது ஒவ்வொரு வாக்கும் யாருக்குப் போனது என்று அச்சாகி விழும் காகிதச் சீட்டுகளை, எண்ணி முடிவெடுப்பார்கள்.

படி 7: விவிபேட் சீட்டுகள்

கருவிகள் முடிந்ததும் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளைக் குலுக்கல் முறையில் எடுத்து அவற்றின் காகிதச் சீட்டுகளை எண்ணுவார்கள். தொகுதிக்கு ஒரு சாவடி என்றிருந்ததை 2019இல் உச்ச நீதிமன்றம் ஐந்தாக்கியது. வங்கிக் காசாளர் கூண்டு போன்ற வலை போட்ட அறையில், வேட்பாளர்வாரியாகப் பிரித்து, 25 சீட்டுகளுக்கு ஒரு கட்டு. பிரிக்கும்போது சின்னத்தைப் பாருங்கள், கட்டும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டையும் ஒருவரே செய்ய முயன்றால் இரண்டும் தவறும். கருவியும் சீட்டும் முரண்பட்டால் சீட்டின் எண்ணே செல்லும்.

படி 8: படிவம் 20, பிறகு சான்றிதழ்

சுற்றுவாரி எண்கள் எல்லாம் 20ஆம் படிவத்தில் வந்து சேரும். தேர்தல் நடத்தும் அலுவலர் மொத்தத்தைப் படித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். அந்த இடைவெளியைத் தவற விட்டால் போயிற்று. மறு எண்ணிக்கை வேண்டுமானால் வேட்பாளரோ, அவர் அங்கே இல்லாவிட்டால் தேர்தல் முகவரோ எண்ணிக்கை முகவர்களில் ஒருவரோ காரணத்தோடு எழுத்து மூலம் அப்போதே கேட்க வேண்டும். “சந்தேகமாக இருக்கிறது” என்பது காரணமாகாது. “இன்ன சுற்றில் இன்ன மேசையில் 17-சி எண் இது, 20ஆம் படிவத்தில் ஏறியது இது” என்பது காரணம். மறுத்தால் அவரும் காரணத்தை எழுத வேண்டும். 2021இல் தியாகராய நகரில் 137 வாக்குகளில் முடிவு தீர்ந்தது. அந்த மாதிரி இரவுகளில் உங்கள் நோட்டைத்தான் எல்லாரும் தேடுவார்கள்.

படிவம் 20இல் கையெழுத்து விழுந்த பிறகு மறு எண்ணிக்கைக் கோரிக்கை எடுபடாது. வாக்குகள் சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். அதன் பின் 21-சியில் முடிவு அறிவிப்பு, வென்றவர் கையில் 22ஆம் படிவச் சான்றிதழ். வெளியே பட்டாசுச் சத்தம் கேட்கும்போது உள்ளே கருவிகளுக்கு மறுபடி முத்திரை வைத்துக்கொண்டிருப்பார்கள். நம் முத்திரையையும் வைக்க உரிமை உண்டு, ஒருவரை நிறுத்துங்கள்.

இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளர்கள் முடிவு வந்த ஏழு நாட்களுக்குள் எழுதிக் கொடுத்து, செலவையும் கட்டினால், சட்டமன்றத் தொகுதிக்கு 5 சதவீதக் கருவிகளின் நினைவகத்தைச் சோதிக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திறந்த வழி இது. முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட 45 நாட்கள். அதுவரை 17-சி கட்டையும் நோட்டையும் சேர்த்து நூலால் கட்டி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, பரணில் வையுங்கள். எங்கள் பகுதியில் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்பதால் பரண் என்கிறேன்.