முகம் வந்துவிட்டது, ஆள் வரவில்லையே!

என்னிடம் ஓவியம் கற்க வருகிறவர்கள் விரித்துக் காட்டும் முதல் உருவப்படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கண்கள் அருமை. இமை மயிர் ஒவ்வொன்றையும் எண்ணி வைத்தாற்போல் வரைந்திருப்பார்கள். கருவிழியில் ஒளிப்புள்ளிகூட இருக்கும். எல்லாம் இருந்தும் ஆள் மட்டும் வேறு யாரோ. உடனே கண்ணை அழித்து மறுபடி வரையத் தொடங்குவார்கள். பாவம், அந்தக் கண் ஒரு குற்றமும் செய்யவில்லை. அது உட்கார்ந்திருக்கும் இடம்தான் தவறு.

1973-இல் லியோன் ஹார்மன், பெலா ஜூலஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைப் பெரிய பெரிய சாம்பல்நிறக் கட்டங்களாக உடைத்துக் காட்டினார்கள். கிட்டே பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் லிங்கன்! அதில் இமையும் இல்லை, உதட்டு ரேகையும் இல்லை. இருட்டு எங்கே, வெளிச்சம் எங்கே, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது மட்டுமே இருக்கிறது. சாயல் குடியிருப்பது அங்கேதான்.

முதலில் புகைப்படத்தைக் கவனியுங்கள். கையெட்டும் தூரத்தில் எடுத்த செல்ஃபியை வைத்து வரையாதீர்கள். அவ்வளவு அருகில் கேமராவுக்குக் காதைவிட மூக்கு வெகுவாகக் கிட்டே இருப்பதால், மூக்கு பருத்து, காதுகள் பின்வாங்கிவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து எடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். ஃபிளாஷ் வேண்டாம், அது முகத்தின் மேடு பள்ளங்களைத் துடைத்துவிடும்.

தாளில் உச்சந்தலைக்கு ஒரு கோடு, மோவாய்க்கு ஒரு கோடு. பிறகு தலையின் அகலம், கழுத்தின் சாய்வு. நேராகப் பார்க்கும் தலையில் கண்கள் ஏறக்குறைய உச்சிக்கும் மோவாய்க்கும் சரிபாதியில் இருக்கும். புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் கண்ணை மேலே ஏற்றிவிடுவார்கள். நெற்றியிலும் முடியிலும் பார்க்க ஒன்றுமில்லை என்று மனம் அந்த இடத்தைச் சுருக்கிவிடுவதுதான் காரணம்.

பாடப் புத்தகங்களில் இன்னும் சில விதிகள் உண்டு. முகத்தின் அகலம் ஐந்து கண் அகலம். இரு கண்களுக்கு நடுவே ஒரு கண் அகலம். காது புருவத்தில் தொடங்கி மூக்கின் அடியில் முடியும். அப்படியே பின்பற்றினால் புத்தகத்தின் முகம்தான் வரும். உங்கள் ஆள் அந்த விதியை எங்கே மீறுகிறார் என்று கண்டுபிடிக்கத்தான் விதி. ஒரு கண்ணின் அகலத்தைப் பென்சிலில் பிடித்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதனால் அளந்து பாருங்கள். நேரில் பார்த்து வரைந்தால் முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளக்க வேண்டும். கை மடங்கினால் அளவும் மாறிவிடும்.

ஒரு மாணவி தன் அப்பாவை வரைந்துகொண்டிருந்தார். கண் பகுதியில் தாளே தேய்ந்து பஞ்சு எழும்பும் அளவுக்கு அழித்தாயிற்று. நான் ஒரு துண்டுக் காகிதத்தால் கண்களை மறைத்துவிட்டு, மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை அளக்கச் சொன்னேன். புகைப்படத்தில் அது அரைக் கண் அகலம். படத்தில் கிட்டத்தட்ட முழுக் கண் அகலம். வாயை ஒரு நெல்மணி அளவு மேலே ஏற்றினார். அப்படி ஏற்றியதும் வாய்க்குக் கீழே தானாகவே இடம் கூடியது, மோவாய் நீண்டது. அந்த நீண்ட மோவாய்தான் அப்பா. ஓர் உறுப்பை நகர்த்தினால் எப்போதும் இரண்டு இடைவெளிகள் மாறும் என்பதை மறக்காதீர்கள்.

புருவத்தை யாரும் மதிப்பதில்லை. பவன் சின்ஹாவும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், பிரபலங்களின் படங்களில் கண்களை நீக்கியபோது இருந்ததைவிடப் புருவங்களை நீக்கியபோது ஆளை அடையாளம் காண்பது கடினமாக இருந்தது. ஆகவே புருவத்தை ஒரு வளைகோடாக இழுத்துவிடாதீர்கள். எங்கே தடிக்கிறது, எங்கே உடைந்து இறங்குகிறது, இமையிலிருந்து எவ்வளவு உயரம் என்று பாருங்கள்.

வாயில் முக்கியமானது உதடுகள் சேரும் கோடு. அதன் ஓரங்கள் சற்று ஏறினாலும் இறங்கினாலும் ஆளின் சுபாவமே மாறிவிடும். சிரிக்கும் முகத்தில் பல்லுக்குப் பல் கோடு போட வேண்டாம். மொத்தமாக ஒரு வெளிர் வடிவம் போதும். மூக்குக்கும் அப்படித்தான்: அடிநிழலும் துளைகளும் சரியாக அமைந்தால் பக்கக் கோடுகள் தேவையே இல்லை. இதற்கெல்லாம் ஹெச்பி பென்சிலை லேசாகப் பிடித்தாலே போதும். இடங்கள் உறுதியான பிறகு இன்னும் கருமையான 2பி, 4பி பென்சில்கள் பக்கம் போகலாம்.

பிழை கண்டுபிடிக்கப் படத்தைத் தலைகீழாகத் திருப்பச் சொல்வார்கள். அளவுகளை ஒப்பிட அது உதவும், சாயலைச் சோதிக்க உதவாது. 1980-இல் பீட்டர் தாம்ப்சன் என்ற உளவியலாளர், அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சரின் படத்தில் கண்களையும் வாயையும் மட்டும் கவிழ்த்து ஒட்டினார். முழுப் படத்தையும் தலைகீழாக வைத்தால் வித்தியாசமே தெரியாது, நிமிர்த்தினால் கோரம். தலைகீழ் முகத்தை எடைபோட நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

என் வழி வேறு. வரைந்த படத்தைக் கைபேசியில் எடுத்து, மூலப் புகைப்படத்தின் அளவுக்கே வெட்டி, இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விரலால் மாற்றி மாற்றித் தள்ளுங்கள். சரியாக இருக்கும் இடங்கள் அசையாது. தவறான இடம் குதிக்கும். மிகப் பெரிதாகக் குதிப்பதை முதலில் திருத்துங்கள். சிறியவற்றில் பாதி அத்தோடு சரியாகிவிடும்.

முடித்த பிறகு யாரிடம் காட்டுவது? வரையப்பட்டவரிடம் கடைசியாகக் காட்டுங்கள். அவர் தன் முகத்தைக் கண்ணாடியில்தான் பார்த்துப் பழகியவர். அவருக்குத் தெரிந்தது இடவலம் மாறிய முகம். வீட்டாரும் நண்பர்களும் "அவரேதான்" என்று சொன்ன படத்தைப் பார்த்து அவர் மட்டும் "மூக்கு கோணலாக இருக்கிறதே" என்றால் ரப்பரைத் தேட வேண்டாம். படத்தைக் கண்ணாடி முன் பிடித்து, அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள்.