மரபு வடிவங்களைப் பிளாக்செயினில் பதியும் முறை

ஒரு சமூகத்தின் நெசவு வடிவத்தையோ முகமூடியையோ உடலில் குத்திக்கொள்ளும் குறியையோ அடிப்படையாகக் கொண்ட டிஜிட்டல் படைப்பை என்எஃப்டியாக (ஒரு படைப்பைச் சுட்டும் தனித்த டிஜிட்டல் பதிவுச்சீட்டாக) பதிய விரும்புபவர், பல கணினிகள் சேர்ந்து காக்கும் பொதுப் பதிவேடான பிளாக்செயின் எதற்குச் சாட்சி சொல்லும் என்பதை முதலில் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். எந்த வாலட்டிலிருந்து (டிஜிட்டல் கணக்கிலிருந்து), எந்த நேரத்தில் ஒரு டோக்கன், அதாவது அந்தப் பதிவுச்சீட்டு, உருவானது என்பதை மட்டுமே அது சொல்லும். அந்த வடிவம் யாருடையது, பதிபவருக்கு உரிமை உண்டா என்று அது கேட்பதில்லை. கலைஞர் கெவின் மெக்காய் 2014 மே மாதத்தில் நேம்காயின் என்ற பிளாக்செயினில் ‘குவாண்டம்’ என்ற படைப்பைப் பதிந்த காலம் முதல் இன்றுவரை இதுவே நிலை. எனவே வேலையின் கடினமான பகுதி கணினியைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

அந்தப் பகுதி அனுமதி பெறுவது. சில வடிவங்கள் ஒரு குலத்துக்கு மட்டும் உரியவை. சில, சடங்கு நடக்கும்போது மட்டுமே வெளியில் காட்டப்படுபவை. பதிப்புரிமைச் சட்டம் பெரும்பாலும் தனி ஆசிரியரையும் குறிப்பிட்ட கால எல்லையையும் வைத்தே இயங்குவதால், பல தலைமுறைகள் சேர்ந்து காத்த வடிவம் சட்டப்படி யாருக்கும் உரியதல்ல என்று தோன்றலாம். அதை அனுமதியாகக் கொள்வது தவறு என்பதே என் உறுதியான கருத்து. பழங்குடிகளின் தரவு உரிமைக்காக 2019-ல் வெளியான ‘கேர்’ கோட்பாடுகள், கூட்டு நன்மையையும் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் அச்சமூகத்திடமே வைக்கின்றன. எந்த வடிவம், எத்தனை பிரதிகள், விற்பனை உண்டா, வருவாயில் யாருக்கு எவ்வளவு என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். மறுத்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள். டோக்கனைப் பின்னர் ‘எரித்தாலும்’ (யாரும் பயன்படுத்த முடியாதபடி நீக்கினாலும்) பழைய பதிவும் பிறர் எடுத்துவைத்த படங்களும் அழிவதில்லை.

உரிமை பற்றிய இந்தக் கேள்வி எதிர்த்திசையிலும் எழுந்திருக்கிறது. 1931-ல் காங்கோவின் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தபோது கொல்லப்பட்ட பெல்ஜிய அதிகாரி மாக்சிமிலியன் பலோவின் உருவில் செதுக்கப்பட்ட சிலை, அமெரிக்காவின் வர்ஜீனியா நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காங்கோவின் லுசாங்காவிலுள்ள தோட்டத் தொழிலாளர் கலைஞர் குழு 2022-ல் அதன் படத்தைக் கொண்டு என்எஃப்டிகளை உருவாக்கி, அந்த வருவாயில் நிலத்தை மீட்க முனைந்தது. படத்தை அனுமதியின்றிப் பயன்படுத்தியதாக அருங்காட்சியகம் ஆட்சேபித்தது. 2024-ல் சிலையே கடனாக லுசாங்காவுக்கு வந்தது. தன் முன்னோரின் படைப்பைத் தானே பதியும் சமூகமும் படத்தின் உரிமை, பொருளின் உரிமை, நினைவின் உரிமை ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டியிருக்கிறது.

அடுத்தது மெட்டாடேட்டா, அதாவது டோக்கனுடன் சேரும் பெயர், விளக்கம் முதலிய தகவல்கள். பலர் இரண்டு வரியில் முடித்துவிடும் இந்த இடத்தில்தான் பண்பாட்டு அடையாளம் நிலைக்கிறது அல்லது தொலைகிறது. சமூகத்தின் பெயரை அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் விதத்திலேயே எழுதுங்கள். வடிவத்துக்கு அவர்கள் மொழியில் உள்ள பெயர், கற்றுத்தந்தவர் (அவர் இசைந்தால் மட்டும்), அனுமதியின் எல்லை ஆகியவற்றையும் சேருங்கள். ‘பழங்குடிக் கலை’ என்ற பொதுச்சொல் யாரையும் சுட்டுவதில்லை. மரபறிவை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சமூகம் அறிவிக்க உதவும் ‘லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்’ அமைப்பின் மரபறிவு முத்திரைகளைச் சமூகமே தேர்ந்து வழங்கினால் அவற்றையும் குறிப்பிடலாம். புனித இடங்களின் இருப்பிடத்தை எழுதவே கூடாது.

படக் கோப்பு பொதுவாகச் சங்கிலிக்கு (பிளாக்செயினுக்கு) வெளியில்தான் இருக்கும். அதை ஐபிஎஃப்எஸ் என்ற, பல கணினிகளில் கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் வலையமைப்பில் வைத்தால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே முகவரி உருவாவதால் யாரும் சத்தமின்றி மாற்ற முடியாது. ஆனால் யாராவது அதைத் தொடர்ந்து ‘பின்’ செய்து, அதாவது தம் கணினியில் நீங்காமல் காத்து, வைத்திருக்க வேண்டும். ‘ஹிக் எட் நுங்க்’ என்எஃப்டி சந்தை 2021 நவம்பரில் திடீரென மூடப்பட்டபோது படைப்புகள் தப்பியதற்குக் காரணம், அவை ஐபிஎஃப்எஸ்ஸிலும் டெசோஸ் சங்கிலியிலும் இருந்ததே. மூலக்கோப்பின் ஒரு பிரதியைச் சமூகத்திடமும் கொடுத்துவிடுங்கள்.

என்எஃப்டிகள் பரவலாகப் பதியப்படும் எத்தீரியம் சங்கிலி 2022 செப்டம்பரில், பணத்தைப் பிணையாக வைத்தவர்கள் பதிவுகளைச் சரிபார்க்கும் பங்குச் சான்று முறைக்கு மாறியபின் அதன் மின்நுகர்வு 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டதால், சங்கிலித் தேர்வில் முன்பிருந்த தயக்கம் இப்போது தேவையில்லை. சந்தையின் பொது ஒப்பந்தத்தைத் தவிர்த்து, சமூகத்தின் பெயரில் தனி ஸ்மார்ட் ஒப்பந்தம் (சங்கிலியில் தானாக இயங்கி டோக்கன்களை உருவாக்கும் நிரல்) அமையுங்கள். மூவரில் இருவர் கையொப்பமிட்டால் மட்டுமே பணம் நகரும் பல்கையொப்ப வாலட் கூட்டு உடைமைக்குப் பொருந்தும். எத்தீரியத்தின் இஆர்சி-2981 தரநிலை ராயல்டி (மறுவிற்பனையில் படைத்தவருக்குச் சேரும் பங்கு) விகிதத்தைத் தெரிவிக்குமே தவிர வசூலிக்காது. எனவே சமூகத்தின் பங்கை முதல் விற்பனையிலேயே பிரித்துக் கொடுங்கள், பிற்கால வருவாயை வாக்குறுதியாகத் தராதீர்கள்.

செபோலியா போன்ற, உண்மைப் பணம் புழங்காத எத்தீரியம் சோதனை வலையில் ஒருமுறை பதிந்து, அந்தப் பக்கத்தை அனுமதி தந்தவர்களிடம் காட்டிப் படித்துச் சொல்லுங்கள். பெயரின் எழுத்தோ விளக்கமோ தவறென்று அவர்கள் சொன்னால் அப்போதே திருத்திவிட்டு, அவர்கள் சரியென்ற பின்னரே முதன்மைச் சங்கிலியில் பதிந்து மெட்டாடேட்டாவை மாற்றமுடியாதபடி பூட்டுங்கள்.