புதுச்சேரி வீதிகளில் மிதிவண்டியைப் படமெடுக்கத் தொடங்குவோருக்கு

மிதிவண்டியைப் படமெடுக்க விலையுயர்ந்த கேமரா தேவையில்லை, கைப்பேசியே போதும். முதல் நாள் அதையும் சட்டைப்பையை விட்டு எடுக்காதீர்கள். காலையில் பெரிய மார்க்கெட் பக்கம் போய், ஓரமாக அரை மணி நேரம் நின்று, நிறுத்தி வைத்திருக்கும் வண்டிகளை மட்டும் கவனியுங்கள். கேரியரில் சுற்றியிருக்கும் பழைய டியூப், சீட்டின்மேல் மாட்டிய பிளாஸ்டிக் பை, ஹேண்டில்பாரில் தொங்கும் தூக்குவாளி ஆகியவற்றைப் பார்த்தாலே, வண்டிக்காரர் அருகில் இல்லாதபோதும் அவருடைய பிழைப்பு என்னவென்று ஓரளவு புரிந்துவிடும். படத்தில் வர வேண்டியது அதுதான்.

இரண்டாவதாக, ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். முத்தியால்பேட்டையில் சாணை பிடிக்கும் பெரியவர் ஒருவரிடம், "ஐயா, வண்டியை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "என்ன எடுக்காத தம்பி, கல்ல எடு" என்றார். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியில் அவர் பெடலை மிதிக்க, பின்சக்கரத்துக்குப் பதில் பெல்ட் வழியாகச் சாணைக்கல் சுழன்றது. அரிவாள் பட்ட இடத்தில் தீப்பொறி சிதறியது. அவர் சொல்லாமல் இருந்திருந்தால், முகத்தையே குறிவைத்து அந்தக் கல்லைத் தவறவிட்டிருப்பேன்.

அடுத்தது வெளிச்சம். கடல் நமக்குக் கிழக்கே இருப்பதால், பழைய பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியான வெள்ளை நகரத்தில் கடலை நோக்கிச் செல்லும் குறுக்கு வீதிகளில் காலை வெயில் சாய்வாக நுழைந்து, சக்கரக் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாக விரிக்கும். வெயில் ஏற ஏற அந்த நிழல் சுருங்கிவிடும் என்பதால் விடிந்ததும் கிளம்புவதே நல்லது.

நின்றபடி மேலிருந்து எடுத்தால் சக்கரம் சப்பையாகத் தெரியும். ஆகவே குந்தி உட்கார்ந்து, கைப்பேசியைச் சக்கரத்தின் அச்சு உயரத்துக்கு இறக்குங்கள். செயின் இருக்கும் வலப்பக்கத்திலிருந்து எடுங்கள். மிக அருகில் போனால் முன்சக்கரம் வீங்கித் தெரியும் என்பதால், சில அடிகள் பின்வாங்கி 2 மடங்கு ஜூம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் சுவரின் முன்னால் நிற்கும் கறுப்பு வண்டியை எடுக்கும்போது, சுவரின் வெளிச்சத்தைக் கணக்கில் கொண்டு கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். என் ஆரம்பகாலப் படங்களில் பாதி இப்படித்தான் வீணாயின. திரையில் வண்டியின்மேல் விரலை வைத்து, பிரகாசத்தைச் சற்றே ஏற்றினால் செயினும் பெடலும் தெளிவாகத் தெரியும்.

ஓடும் வண்டியைக் கடைசியில் முயலுங்கள். அதற்குக் கடற்கரைச் சாலையே ஏற்ற இடம், ஏனெனில் மாலையிலிருந்து மறுநாள் காலைவரை அங்கே மோட்டார் வாகனங்களை விடுவதில்லை. ஷட்டர் வேகத்தை, அதாவது கேமரா ஒளியை உள்வாங்கும் நேரத்தை, 1/30 நொடியில் வைத்து, வண்டி வரும் திசையிலிருந்தே அதனோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டு வந்து, எதிரே வரும்போது அழுத்துங்கள். அழுத்திய பிறகும் திரும்புவதை நிறுத்தாதீர்கள். பின்னணி கோடுகோடாக இழுபட்டு, ஓட்டுபவர் மட்டும் தெளிவாக நிற்கும் படம் பத்துக்கு ஒன்றுதான் கிடைக்கும்.