டைக்கிரி கைவந்தால் மற்றதெல்லாம் தானே வரும்

வீட்டில் காக்டெயில் போடவேண்டும் என்று ஆசை வந்ததும் பலர் முதலில் செய்வது, ஆன்லைனில் பளபளவென்று ஒரு ஷேக்கர் செட் வாங்குவது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இறுக்கி மூடக்கூடிய அகன்ற வாய் கண்ணாடி ஜாடி ஒன்று, டீ வடிகட்டி, இருமல் சிரப்போடு வரும் அளவு மூடி. இவ்வளவு போதும். நான் இன்னமும் அந்த மூடியில்தான் அளக்கிறேன். பெக் அளவையில் 30, 60 மட்டும்தான் இருக்கும்; எலுமிச்சைச் சாற்றுக்கு 5 மில்லி கூடக் கணக்கு. ஊறுகாய் போட்ட ஜாடியை மட்டும் எடுக்காதீர்கள். எத்தனை முறை கழுவினாலும் மூடியிலிருந்து பெருங்காய வாசனை போகாது.

முதலில் பழகவேண்டியது டைக்கிரி. வெள்ளை ரம், எலுமிச்சை, சர்க்கரை, ஐஸ். வேறு எதுவும் கிடையாது, அதனால் எதையும் மறைக்கவும் முடியாது. கியூபாவின் கிழக்கே, சாந்தியாகோ நகரத்துக்குப் பக்கத்தில் டைக்கிரி என்று ஒரு கடலோர ஊர் இருக்கிறது. 1898 வாக்கில் அங்கே சுரங்க வேலையில் இருந்த ஜென்னிங்ஸ் காக்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கலந்தது இது என்பார்கள். கரும்பும் எலுமிச்சையும் விளைகிற தீவில் அவருக்கு முன்னால் ஒருவர்கூட இதைக் கலந்து குடிக்கவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். அது இருக்கட்டும். கரீபியன் தீவுகளில் பிழியும் சின்ன எலுமிச்சையும் நம் சந்தையில் கூறு கட்டி விற்கிற எலுமிச்சையும் ஒரே இனம்தான். சூப்பர் மார்க்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கும் பெரிய மஞ்சள் லெமனைத் தேடி அலைய வேண்டாம்.

சர்க்கரைப் பாகு முந்தின நாளே செய்துவிடுங்கள். ஒரு டம்ளர் சர்க்கரை, ஒரு டம்ளர் தண்ணீர். சர்க்கரை கரையும் வரை சூடு காட்டினால் போதும், கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும். சர்க்கரையை அப்படியே போட்டால் குளிர்ந்த சாராயத்தில் கரையாமல் அடியில் நறநறவென்று நிற்கும்.

எலுமிச்சையை உள்ளங்கையால் அழுத்தி உருட்டிவிட்டு நறுக்குங்கள். சாறு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். தோல் நசுங்கும் வரை பிழிந்தால் கசப்பு இறங்கும். கொட்டைகளை வடிகட்டிவிடுங்கள். பாட்டிலில் வரும் எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம்.

ஒரு ஆளுக்கு 60 மில்லி ரம், 25 மில்லி சாறு, 20 மில்லி பாகு. ஜாடியில் ஊற்றி, விரல் நுனியில் ஒட்டும் அளவு உப்பு. உப்பு கியூபாக்காரர்கள் சொன்னதல்ல, லெமன் ஜூஸ் குடித்து வளர்ந்த என் நாக்கு கேட்பது. கசப்பு அடங்கும். அப்புறம் ஐஸ். ஜாடியில் முக்கால் பாகம் வரை நிரப்புங்கள். இங்கேதான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். இரண்டு கட்டி போட்டால் அவை சட்டென்று கரைந்து தண்ணீராகிவிடும், சரக்கு குளிராது. நிறைய போட்டால் கரைவது அளவாக இருக்கும், குளிர்ச்சி பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே போகும். ஐஸை ஃப்ரீசரிலிருந்து கடைசி நிமிடத்தில் எடுங்கள். கிண்ணத்தில் வைத்து வியர்த்துப்போன ஐஸ் உதவாது.

மூடியை இறுக்கி, ஒரு துண்டைச் சுற்றிப் பிடித்து, தோள் உயரத்தில் வைத்து வேகமாகப் பன்னிரண்டு விநாடி குலுக்குங்கள். முதலில் ஐஸ் கண்ணாடியில் மோதும் சத்தம் கணீரென்று இருக்கும், போகப் போக மந்தமாகும். ஜாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி பூக்கும். அப்போது நிறுத்துங்கள். இதற்குள் ஐம்பது மில்லிக்குக் கிட்டத்தட்டத் தண்ணீர் சேர்ந்திருக்கும். அது வேண்டும், அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். ஃப்ரீசரில் குளிரவைத்த சின்ன கிளாசில், டீ வடிகட்டி வழியாக, ஐஸ் இல்லாமல் ஊற்றுங்கள். உடனே குடிக்கவேண்டியது இது. பேசிக்கொண்டே அரை மணி நேரம் வைத்திருந்தால் எலுமிச்சை சாதத்துக்குப் பிழிந்த சாறு போல ஆகிவிடும்.

புளிப்பு தூக்கலாக இருந்தால் அடுத்த முறை பாகை 5 மில்லி கூட்டுங்கள். எழுத்தாளர் ஹெமிங்வே சர்க்கரையே இல்லாமல், ரம்மை இரட்டிப்பாக்கி ஹவானாவின் ஃப்ளோரிடிதா பாரில் குடித்தார். அவருக்குச் சரி.

இந்த அளவு கையில் நின்றுவிட்டால் மற்றதெல்லாம் சின்ன மாற்றம்தான். ரம்முக்குப் பதில் ஜின் ஊற்றிக் குலுக்கினால் கிம்லெட் என்ற காக்டெயில் பக்கம் வந்துவிடும். பழைய முறையில் அதற்குப் பாட்டிலில் வரும் இனிப்பு எலுமிச்சை சிரப்பான லைம் கார்டியல்தான் ஊற்றுவார்கள், எனக்குப் புதுச் சாறுதான் பிடிக்கும். அதே ஜின், சாறு, பாகை உயரமான கிளாசில் ஐஸ் மேல் ஊற்றி, 90 மில்லி சோடா சேர்த்தால் டாம் காலின்ஸ். சென்னை மே மாதத்துக்கு இதைவிடத் தோதானது எனக்குத் தெரியாது. சாதா கோலி சோடா அருமையாகப் பொருந்தும். சோடாவை மட்டும் ஜாடியில் ஊற்றிக் குலுக்கிவிடாதீர்கள், மூடி பிய்த்துக்கொண்டு போகும்.

மொஹிட்டோவுக்கு டைக்கிரியின் அதே ரம், சாறு, பாகோடு புதினாவும் சோடாவும். பத்து இலையைப் பாகோடு கிளாசில் போட்டு, கரண்டிக் காம்பால் லேசாக அழுத்தினால் போதும். சட்னிக்கு இடிப்பது போல இடித்தால் பச்சை வாடையும் கசப்பும் வரும், இலைத் துணுக்கு பல்லில் சிக்கும். ஒரு பாரில் பச்சைச் சாயம் போட்ட சிரப்பை ஊற்றி மொஹிட்டோ என்று கொடுத்தார்கள். பல் துலக்கிய மாதிரி இருந்தது. என் மச்சான் சோடாவுக்குப் பதில் இனிப்புச் சோடாதான் வேண்டும் என்பார். அவருக்கு மட்டும் பாகை நிறுத்திவிடுவேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜூஸ் போல இறங்கும், ஆனால் ஒவ்வொரு கிளாசிலும் ஒரு முழு லார்ஜ், அதாவது 60 மில்லி, இருக்கிறது. நம் ஊர் ரம், ஜின் பாட்டில்களில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எண்ணிக்கொண்டே குடிக்கவேண்டும், வண்டிச் சாவியை முதலிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

விருந்து என்றால் சாறு, பாகு, ரம் மூன்றையும் மாலையிலேயே கலந்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். எட்டுப் பேருக்கு 480 ரம், 200 சாறு, 160 பாகு. ஆட்கள் வந்தபிறகு, இரண்டிரண்டு கிளாசுக்கு ஒரு தடவை ஐஸ் போட்டுக் குலுக்கினால் போதும். மிச்சம் இருந்தால் மறுநாளுக்கு வைக்காதீர்கள், சாறு செத்துப்போயிருக்கும்.