எஞ்சினுக்குள் கோலிக்குண்டு சத்தம்: 1970 செவெல் நாக்கிங்கைச் சரிசெய்வது எப்படி?

1970 செவர்லே செவெல் எஸ்எஸ் 454 என்ற பழைய அமெரிக்க கார். டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஒரு மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கினாற்போல் சத்தம் வந்தால் அதுதான் நாக்கிங், அதாவது டிடோனேஷன். பிளக் பற்றவைத்த தீ பரவி முடிவதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை சூடும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடிக்கிறது. கண்டுகொள்ளாமல் ஓட்டினால் பிஸ்டன் உடையும், ஹெட் கேஸ்கெட் போகும். சாவியை அணைத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டே ஓடுவது வேறு நோய். இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கார்களுக்கு இது பிறவிக் குணம். இதில் வந்த இரண்டு 454 எஞ்சின்களில், எல்எஸ்5-இன் கம்ப்ரெஷன் (கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 10.25:1, எல்எஸ்6-க்கு 11.25:1. ஈயம் கலந்த உயர்ரக பெட்ரோலை நம்பிச் செய்தவை. இன்று அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 91 முதல் 93 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் திறனின் அளவு) வரைதான். அதற்காக உடனே ஆக்டேன் பூஸ்டர் வாங்க ஓடாதீர்கள். டப்பாவில் '5 பாயிண்ட் கூடும்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 0.5 ஆக்டேன் என்றுதான் அர்த்தம்!

படி 1: நாக்கிங்தானா? டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்னால் பிளக் பொறி விடுகிறது என்பதை, 2 டிகிரி குறைத்து அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் நாக்கிங். மாறவே இல்லையென்றால் எக்ஸாஸ்ட் கசிவு, பேரிங் என்று வேறு பக்கம் தேடுங்கள். பிளக்குகளையும் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பளபளவென்று அலுமினியத் துகள் தெரிந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது, காரை நிறுத்திவிடுங்கள்.

படி 2: டைமிங் குறி உண்மை சொல்கிறதா? புதிதாக வருபவர்கள் தாண்டிப் போகும் இடம் இதுதான். குறி இருப்பது கிராங்க் முனையிலுள்ள பேலன்சர் (அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) என்பதன் வெளிவளையத்தில். அந்த வளையத்தைப் பிடித்திருப்பது வெறும் ரப்பர். அரை நூற்றாண்டில் அது நழுவியிருக்கலாம். குறியே பொய் சொன்னால், அதன்மேல் மின்னி டைமிங்கைக் காட்டும் டைமிங் லைட் என்ன செய்யும்?

பேட்டரியைக் கழற்றுங்கள், எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பை (பிஸ்டனை உச்சிக்கு முன்பே தடுக்கும் கருவி) திருகி, கிராங்க்கைக் கையால் மெல்லத் திருப்புங்கள். பிஸ்டன் முட்டி நிற்கும்போது, டைமிங் தகட்டின் 0-வுக்கு நேராகப் பேலன்சரில் ஒரு கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுவே இருப்பதுதான் உண்மையான உச்சிப்புள்ளி. பழைய குறி அங்கே இல்லையென்றால் பேலன்சரை மாற்றுங்கள். ஸ்டாப்பை எடுக்க மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யாதீர்கள், அப்புறம் பிஸ்டனுக்குச் சேதம்.

படி 3: டைமிங் வைப்பது. எஞ்சின் சூடாகட்டும். வேக்யூம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சலை வைத்து டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு) குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்கள். டயல் உள்ள டைமிங் லைட்டோடு, அட்வான்ஸ் (பொறி முன்கூட்டியே வரும் டிகிரி) ஏறுவது நிற்கும்வரை ஆர்பிஎம்மைக் கூட்டுங்கள். 3000 பக்கம் நின்றுவிடும். வழக்கமாக 34 முதல் 38 டிகிரி. தட்டுகிற எஞ்சினில் நான் 32-இல் தொடங்குவேன். செவர்லேயில் டிஸ்ட்ரிபியூட்டரை (பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தருவது) கடிகாரச் சுற்றில் திருப்பினால் டைமிங் குறையும். ஃபேன் பக்கம் தொங்கும் சட்டையோடு நிற்காதீர்கள்.

சத்தம் எப்போது வருகிறது என்பதிலும் துப்பு உண்டு. குறைந்த வேகத்தில், பாரத்தில் மட்டும் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரின் ஸ்பிரிங் தளர்ந்து அட்வான்ஸ் சீக்கிரமே ஏறுகிறது; கெட்டியான ஸ்பிரிங் போடுங்கள். சீராகப் போகும்போது லேசாக மிதித்தால் மட்டும் வந்தால் வேக்யூம் அட்வான்ஸ் அதிகம்.

படி 4: மற்றவை. இன்டேக் பக்கம் காற்றுக் கசிவு, கார்புரேட்டரில் பெட்ரோல் போதாமை, ரேடியேட்டரில் ஃபேனைச் சுற்றியுள்ள மூடி இல்லாமை என எல்லாவற்றையும் பாருங்கள். பிளக்கையும் ஒரு படி குளிர்ந்த ரகமாக (சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது) மாற்றிப் பார்க்கலாம். ஏசி பிளக்கில் எண் குறைந்தால் குளிர்ச்சி, என்ஜிகே-யில் எண் கூடினால் குளிர்ச்சி. கடையில் ஏமாறாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் எல்எஸ்6 தட்டினால், டைமிங்கை இன்னும் குறைத்துக் காரைச் சோம்பேறியாக்க மாட்டேன். ரேஸ் பெட்ரோல் கலந்து ஓட்டுவேன். அடுத்த முறை எஞ்சினைப் பிரிக்கும்போது கம்ப்ரெஷன் குறைந்த பிஸ்டன் போட்டுவிடுவேன்.