கடல் காற்றில் ஹைட்ரஜன்: முதலில் சாப்பாட்டு மேசையில் செய்து பாருங்கள்

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றதும் அட்டையில் காற்றாடி வெட்டி ஒட்டி, நீலத் தாளைக் கடலாக விரித்து, "பசுமை ஹைட்ரஜன்" (காற்று போன்ற மாசில்லாத வழியில் கிடைக்கும் மின்சாரத்தால் நீரைப் பிளந்து எடுப்பது) என்று எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்தது. அக்கா மகளும் (படிவம் நான்கு) அப்படித்தான் கேட்டாள். அட்டை வேண்டாம்மா, நிஜமாகவே குமிழ் வரவைப்போம் என்றேன். பினாங்கு ஜெலுத்தோங்கில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சனிக்கிழமை மதியம் அதற்குப் போதும்.

வேண்டியவை: காலி ஐஸ்கிரீம் டப்பா, விரல் நீளத்துக்கு வெட்டி இரு முனையும் சீவிய 2பி பென்சில் இரண்டு, மருந்துக்கடையில் ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சு இரண்டு, கிளிப் ஒயர், 9 வோல்ட் பேட்டரி, மல்ட்டிமீட்டர், சோடா பைகார்பனேட் (பலகாரத்துக்குப் போடும் அதே சோடா உப்பு).

டப்பாவின் அடியில் இரண்டு துளை போட்டு, பென்சில்களைக் கீழிருந்து மேலே செருகி, சுற்றிலும் சூடான பசை விட்டு அடையுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மேசை முழுக்கத் தண்ணீர்தான். டப்பாவை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் அடியில் கிளிப் மாட்ட இடம் கிடைக்கும். தண்ணீர் ஊற்றி ஒரு மேசைக்கரண்டி சோடா உப்பைக் கரையுங்கள். சிரிஞ்சில் உள்தண்டை உருவிவிட்டு, மூக்கைப் பசையால் அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கி நிரப்பி, வாய் வெளியே வராமல் அப்படியே பென்சில் முனைமேல் கவிழ்க்க வேண்டும்.

பேட்டரியை இணைத்ததும் எதிர்முனை பென்சிலிலிருந்து ஊசிமுனை அளவு குமிழ்கள் சரசரவென்று மேலே ஓடும். அதுதான் ஹைட்ரஜன். நேர்முனையில் ஆக்சிஜன் சோம்பலாக வரும். புத்தகக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று, ஆனால் பென்சில் கரியும் கொஞ்சம் அரிக்கப்பட்டு கார்பன் டை ஆக்சைடாகிக் கலக்கும் என்பதால் அளவு துல்லியமாக இருக்காது, கவலைப்படாதீர்கள். மீட்டரில் 100 மில்லியாம்பியர் காட்டினால் பத்து நிமிடத்தில் ஏழரை மில்லி ஹைட்ரஜன் சேரும், சிரிஞ்சின் கோட்டிலேயே அளந்துகொள்ளலாம். சன்னல் திறந்திருக்கட்டும். மூடிய பாட்டிலில் வாயுவைப் பிடித்து வைக்கவே கூடாது, காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே தீப்பிடிக்கும். பென்சிலுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியும் வேண்டாம், அதிலிருந்து குரோமியம் கரைந்து வரலாம், அது நஞ்சு.

நான் கோப்பி கலக்கப் போன நேரத்தில் இவள் தண்ணீரை மாற்றி சமையல் உப்பைக் கொட்டிவிட்டாள். "கடல்னா உப்புதானே மாமா!" கொஞ்ச நேரத்தில் நீச்சல் குளத்து வாடை. அக்கா உள்ளேயிருந்து கத்த, ஒயரைப் பிடுங்கிவிட்டு எல்லாச் சன்னலையும் திறந்தேன். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சினால் நேர்முனையில் குளோரின் வரும். நீங்கள் செய்யாதீர்கள்.

ஆனால் நடுக்கடலில் காற்றாலை மின்சாரத்தால் ஹைட்ரஜன் எடுப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அதை அப்படியே இயந்திரத்துக்குள் விட முடியாது. முதலில் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் (அழுத்தம் கொடுத்து மெல்லிய சவ்வு வழியே தள்ளி) உப்பை நீக்கி, மேலும் சுத்தம் செய்துதான் மின்னாற்பகுப்புக்கு, அதாவது மின்சாரத்தால் நீரைப் பிளக்க, அனுப்புகிறார்கள். இதற்கே மின்சாரம் எல்லாம் போய்விடாதா என்று தோன்றும், எனக்கும் தோன்றியது, கணக்குப் போட்டால் சிரிப்புதான் வருகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் சுத்த நீர் வேண்டும். ஆயிரம் லிட்டர் கடல்நீரை நன்னீராக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகும் என்றால் 9 லிட்டருக்கு எவ்வளவு? அதே ஒரு கிலோவுக்கு நீரைப் பிளக்க மட்டும் 50 முதல் 55 யூனிட்.

இந்த 55-ஐ மனதில் வைத்துக்கொண்டால் செய்தியில் வரும் எந்தத் திட்டத்தையும் நீங்களே சோதிக்கலாம். பிரான்சின் லைஃப் நிறுவனம் 2023 ஜூனில் அட்லாண்டிக் கரையிலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி, சீலைஃப் என்ற மிதவையில் ஹைட்ரஜன் எடுத்துக் காட்டியது. 1 மெகாவாட் கருவி. நாள் முழுக்க ஓடினால் 24,000 யூனிட், 55-ஆல் வகுத்தால் சுமார் 436 கிலோ. நாளுக்கு 400 கிலோ வரை என்று அவர்கள் சொன்னது சரியாக ஒத்துப்போகிறது.

அப்புறம் காற்று. பேட்டரியைக் கழற்றிவிட்டு பொம்மை மோட்டாரில் இறக்கை மாட்டி மேசை விசிறி முன் வைத்தோம். சுற்றியது, குமிழ்தான் இல்லை. மீட்டரில் ஒரு வோல்ட்கூட வரவில்லை. நீரைப் பிளக்க குறைந்தது 1.23 வோல்ட், நடைமுறையில் 2 வோல்ட்டாவது வேண்டும், அதற்குக் கீழே எவ்வளவு நேரம் சுற்றினாலும் சும்மாதான். கெட்டுப்போன பிரிண்டரிலிருந்து 24 வோல்ட் டிசி மோட்டாரைக் கழற்றி மாட்டியதும் விசிறியின் மூன்றாம் வேகத்தில் குமிழ் வந்தது, ஒன்றாம் வேகத்தில் நின்றுவிட்டது.

நம் பினாங்குக் கடலின் கதையும் இதுதான். காற்றின் வேகம் பாதியானால் கிடைக்கும் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் தீபகற்பம், நடுவில் மலாக்கா நீரிணை, காற்று பெரும்பாலும் மந்தம். விடியற்காலையில் கூரையைப் பிய்க்கிற மாதிரி அடிக்கும் சுமத்ரா புயல்காற்றைக் காட்டி "இது போதாதா?" என்று கேட்பார்கள். அது ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், ஆலைக்கு வேண்டியது ஆண்டு முழுக்க வரும் காற்று. நம் மலேசியாவில் தேட வேண்டுமானால் வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் கிழக்குக் கரைப் பக்கமும் சபாவும்தான். சரவாக்கோ காற்றை நம்பவில்லை, அணை மின்சாரத்தை வைத்துக்கொண்டு 2019-லேயே கூச்சிங்கில் ஹைட்ரஜன் நிலையம் திறந்துவிட்டது.

கண்காட்சியன்று விசிறியை ஒன்றில் வைத்துத் தொடங்குங்கள். நடுவர் குனிந்து பார்த்து, கெட்டுப்போச்சா என்று கேட்பார். இது பினாங்கு கடல் சார் என்று சொல்லிவிட்டு, மூன்றுக்குத் திருப்புங்கள்.