64 ஆண்டுகள் ஒரே சட்டமன்றத்தில்: ஃபிரெட் ரிஸ்ஸரைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அரசியல் என்றாலே நம் கண் வாஷிங்டனுக்குப் போய்விடுகிறது. அதனால் 'செனட்டர்' என்ற முதல் சொல்லிலேயே பலருக்கும் கால் வழுக்குகிறது. ஃபிரெட் ரிஸ்ஸர் செனட்டர்தான், ஆனால் வாஷிங்டனில் உள்ள தேசிய செனட்டில் அல்ல, விஸ்கான்சின் மாநில செனட்டில். அந்த மாநிலத்துக்கு 99 பேர் கொண்ட அசெம்பிளி, 33 பேர் கொண்ட செனட் என இரண்டு அவைகள் உண்டு. ஆகவே 'மாநில செனட்டர்' என்று முழுதாக எழுதுங்கள்.

ஆண்டுக் கணக்கிலும் கவனம் தேவை. 1957இல் அசெம்பிளிக்குள் நுழைந்தவர், 1962இல் இடைத்தேர்தல் வழியாக செனட்டுக்குப் போனார். 2021 ஜனவரியில் விடைபெற்றபோது அவருக்கு வயது 93. 64 ஆண்டுகள் என்பது இரண்டு அவைகளையும் சேர்த்த கணக்கு. அவருடைய தந்தையின் பெயரும் ஃபிரெட் ரிஸ்ஸர்தான், அவரும் மாநில செனட்டர்தான். தந்தை முற்போக்குக் கட்சி, மகன் ஜனநாயகக் கட்சி. பழைய ஆவணங்களில் பெயரை மட்டும் பார்த்து எடுத்தால் இருவரும் கலந்துவிடுவார்கள்.

இவற்றைவிடப் பெரிய தவறு, நீண்ட பதவிக்காலத்தை நீண்ட அதிகாரமாக நினைப்பது. விஸ்கான்சினில் இத்தனை முறைதான் போட்டியிடலாம் என்ற வரம்பு இல்லை. மாநிலத் தலைநகர் மேடிசனில் உள்ள அவருடைய தொகுதியும் ஜனநாயகக் கட்சிக்கு உறுதியானது. அதனால் அவர் தொடர்ந்து வென்றார். ஆனால் அவர் நினைத்தது நடக்க, கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணியிடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கப் பல்லாண்டு போராடியவர் அவர். அதற்கான முழுமையான சட்டம் 2009இல்தான் நிறைவேறியது. அப்போது ஆளுநர் பதவியும் இரு அவைகளும் அவருடைய கட்சியின் கையில் இருந்தன. 2010 ஜூலை 5 முதல் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் சிகரெட் புகை இல்லை. என் பார்வையில் அவருடைய வாழ்க்கையின் மையம் இந்தக் காத்திருப்புதான். சாதனையை மட்டும் எழுதுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

2011இல் ரிஸ்ஸரும் அவருடைய கட்சி செனட்டர்களும் அவைக்கு வராமல் மாநிலத்தை விட்டே போனதை 'வெளிநடப்பு' என்று மொழிபெயர்ப்பதும் தவறு. வெளிநடப்பு செய்தால் மீதமிருப்பவர்கள் மசோதாவை நிறைவேற்றிவிடுவார்கள். இங்கே வராமல் இருப்பதே ஆயுதமாக இருந்தது. அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டுப் பேர உரிமையை, அதாவது ஊழியர்கள் சார்பில் ஊதியம், பணி நிபந்தனைகள் பற்றிப் பேசி முடிவெடுக்கும் உரிமையைச் சுருக்கும் மசோதாவை ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்தார். அதில் நிதிப் பகுதிகளும் இருந்தன; நிதி தொடர்பான மசோதாவுக்கு செனட்டில் குறைந்தது 20 பேர் இருக்க வேண்டும். குடியரசுக் கட்சியிடம் இருந்ததோ 19 பேர். ஜனநாயகக் கட்சியின் 14 செனட்டர்களும் மாநில எல்லையைத் தாண்டி இல்லினாய்ஸுக்குப் போனார்கள், 83 வயது ரிஸ்ஸரும் உட்பட. விஸ்கான்சின் காவல்துறை அங்கே வந்து அவர்களை அவைக்கு அழைத்துப்போக முடியாது. ஏறக்குறைய மூன்று வாரம் மசோதா நகரவில்லை. பிறகு 20 பேர் தேவைப்படாதபடி நிதிப் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மார்ச் 9 அன்று செனட்டில் குடியரசுக் கட்சியினர் மீதியை நிறைவேற்றினார்கள்.